யார்க் பேராலயப் பலகையில் இருக்கும் செவிலியர் நெல்லி ஸ்பிண்ட்லர்: எந்த ஆவணங்களில் தேடுவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் யார்க் பேராலயத்தில் ‘ஐந்து சகோதரிகள்’ என்று அழைக்கப்படும் உயரமான சாளரத்துக்கு அருகில், முதல் உலகப் போரில் பணியின்போது உயிரிழந்த பெண்களின் பெயர்கள் எழுதப்பட்ட ஓக் மரப் பலகைகள் உள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சாளரத்தைச் செப்பனிட்டு, அதையே போரில் மாண்ட பெண்களுக்கான நினைவுச் சின்னமாக்குவதற்குப் பெண்களே நன்கொடை திரட்டினார்கள். 1925 ஜூன் 24 அன்று யார்க் கோமகள் அதைத் திறந்துவைத்தார். பேரரசின் பல பகுதிகளையும் சேர்ந்த 1,400க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் ஒருவர் எந்த ஊரில் பிறந்தார், எங்கே பயிற்சி பெற்றார், எப்படி இறந்தார் என்பதைப் பலகையைப் பார்த்து அறிய முடியாது.

லீட்ஸ் பக்கம் உள்ள எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லவிருக்கிறோம். இதே யார்க்‌ஷயர் மண்ணைச் சேர்ந்த ஒருவரையாவது பெயருக்கு அப்பால் அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று விரும்பி, வேக்ஃபீல்டு நகரைச் சேர்ந்த நெல்லி ஸ்பிண்ட்லரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவருடைய தந்தை காவல்துறையில் பணியாற்றியவர். நெல்லி 1917 ஆகஸ்ட் 21 அன்று பெல்ஜியத்தின் பிராண்ட்ஹூக் என்னும் இடத்தில் எறிகணை வீச்சில் உயிரிழந்தார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் அவருடைய வயது 26 என்று இருக்கிறது.

இணையத்தில் அவரைப் பற்றி எழுதியிருப்பவர்களில் பெரும்பாலோர், லைசன்ட்ஹூக் கல்லறைத் தோட்டத்தில் 10,700க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே புதைக்கப்பட்டிருக்கும் ஒரே பெண் என்ற செய்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாணவர்கள் அந்த ஒற்றை வரியோடு திரும்பிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் செய்த வேலை என்ன, எதற்காக அங்கே போனார் என்பதை ஆவணங்களைக் கொண்டு சொல்ல வேண்டும். எங்கே தொடங்கலாம்? பிராண்ட்ஹூக்கில் இறந்தவர் ஏன் லைசன்ட்ஹூக்கில் புதைக்கப்பட்டார்? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அன்புள்ள வைகைக்கரை, நல்ல முயற்சி. போர்ச் செவிலியரைத் தேடும் வழி படைவீரரைத் தேடும் வழியிலிருந்து வேறுபட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படைவீரருக்குப் படைப்பிரிவும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே பல பதிவேடுகளுக்குள் நுழைந்துவிடலாம். செவிலியருக்கோ அவர் எந்தப் பணியமைப்பில் சேர்ந்தார் என்பதுதான் திறவுகோல். இராணுவத்தின் நிரந்தரச் செவிலியர் அமைப்பான ராணி அலெக்ஸாண்ட்ரா இம்பீரியல் இராணுவச் செவிலியர் சேவையில் 1914இல் 300 பேர்கூட இல்லை. போர் நீள நீள அதன் ரிசர்வ் பிரிவில் பல்லாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள். பிராந்தியப் படைக்கான செவிலியர் சேவை வேறு. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக வந்த தன்னார்வ உதவியாளர்கள் வேறு. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் அமைப்புகள் வேறு. போரில் மாண்டவர்களின் ஊர்ப் பட்டியல்களில் இவர்கள் எல்லோரையும் வெறுமனே ‘செவிலியர்’ என்று எழுதிவிடுவது வழக்கம். அதனால்தான் பலருடைய தேடல் தவறான பதிவேட்டில் தொடங்கி, ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிடுகிறது.

நெல்லி விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அவர் பயிற்சி முடித்த செவிலியர். இராணுவச் சேவையில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ நிலையில் இருந்தவர். ஆகவே நீங்கள் போக வேண்டிய இடம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே டபிள்யூ.ஓ. 399 என்ற வரிசையில் இராணுவச் செவிலியர்களுடைய 15,000க்கும் மேற்பட்ட பணிக் கோப்புகள் இருக்கின்றன. முதல் உலகப் போர்ப் படைவீரர்களின் கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1940இல் லண்டன் மீதான குண்டுவீச்சில் எரிந்துபோயின; செவிலியர் கோப்புகள் அந்தத் தீயில் சிக்கவில்லை. இணையத்திலேயே பெயரைத் தேடிக் கோப்பைத் தரவிறக்கலாம். விண்ணப்பப் படிவம், பயிற்சி பெற்ற மருத்துவமனையின் மேட்ரன் (தலைமைச் செவிலியர்) எழுதிய பரிந்துரை, பணியிட மாற்ற ஆணைகள், மேலதிகாரிகளின் இரகசிய அறிக்கைகள் போன்றவை இத்தகைய கோப்புகளில் இருக்கும். சில கோப்புகள் மிக மெலிந்தவை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு பார்க்க வேண்டியது, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்த பிரித்தானியப் படைக்குத் தலைமை மேட்ரனாக இருந்த மாட் மெக்கார்த்தியின் போர் நாட்குறிப்பு. சிட்னியில் பிறந்த அந்த அம்மையார் எந்தச் செவிலியர் எந்த முகாமுக்கு அனுப்பப்பட்டார், எங்கே என்ன நேர்ந்தது என்பதையெல்லாம் நாள்தோறும் பதிவு செய்தவர். ஆட்களின் பெயர் அந்த அளவுக்கு விரவிக் கிடக்கும் நாட்குறிப்பு படைப்பிரிவுகளில் அபூர்வம்.

குடும்ப மரத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பலர் பிறப்புப் பதிவில் தொடங்கி அதிலேயே மாதக்கணக்கில் உழல்கிறார்கள். இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவு அட்டவணை காலாண்டை மட்டுமே காட்டும். குழந்தை பிறந்து 42 நாள்களுக்குள் பதிந்தால் போதும் என்பதால், பிறந்தது முந்தைய காலாண்டாகவும் இருக்கலாம். நாம் தேடுவது அவருடைய பணியை.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னவற்றோடு, நாற்பதாண்டுக் காலம் இந்தத் தொழிலில் இருந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரு செவிலியரின் வாழ்க்கையில் பிறந்த ஊருக்கு நிகரான இடம் அவர் பயிற்சி பெற்ற மருத்துவமனைக்கு உண்டு. அந்தக் காலத்தில் பயிற்சி மாணவிகள் மூன்றாண்டு மருத்துவமனையிலேயே தங்கி, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, மேட்ரனின் கண்பார்வையில் வளர்ந்தார்கள். அவர்கள் இறந்தபோது பெயரைப் பொறித்தவர்களும் பெரும்பாலும் அந்த மருத்துவமனைக்காரர்களே. ஊர்ப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் மருத்துவமனைத் தேவாலயத்தின் பட்டியலைப் பாருங்கள் என்பதே என் முதல் யோசனை.

நெல்லி 1912 முதல் 1915 வரை லீட்ஸ் டவுன்ஷிப் இன்ஃபர்மரியில் பயிற்சி பெற்றார். அது ஏழைகளுக்கான ஆதரவு இல்லத்தோடு இணைந்த மருத்துவமனை. இன்று செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனையாக விரிந்திருப்பது அதன் வழிவந்ததே. பழைய ஆதரவு இல்லக் கட்டடத்தில் இப்போது தாக்ரே மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது. நீங்கள் லீட்ஸ் பக்கம் இருப்பதால் மாணவர்களை முதலில் அங்கே அழைத்துச் செல்லலாம் அல்லவா? பணக்கார நோயாளிகள் வரும் இடமல்ல அது. முதியோர், நாள்பட்ட நோயாளிகள், கூலித் தொழிலாளர்கள், கைவிடப்பட்டவர்கள் ஆகியோரைப் பராமரித்துத்தான் அந்தப் பெண் தொழில் கற்றிருப்பார். போர்முனையில் அவர் காட்டிய திடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த வார்டுகளிலிருந்து என்றுதான் நான் சொல்வேன்.

1915 நவம்பரில் லிச்ஃபீல்டு அருகே விட்டிங்டன் இராணுவ மருத்துவமனையில் சேர்ந்தார். 1917 மே மாதம் பிரான்சின் அபவில் நகரில் இருந்த 2ஆம் எண் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகு, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே நடந்த மூன்றாம் ஈப்பர் போரை ஒட்டி, பிராண்ட்ஹூக்கில் இருந்த 44ஆம் எண் காயப்பட்டோர் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றப்பட்டார்.

இந்த நிலையம் எத்தகையது என்பதை மாணவர்களுக்கு விளக்குங்கள். காயம்பட்டவரை முதலில் படைப்பிரிவின் முதலுதவி இடத்துக்கும், அங்கிருந்து கட்டுப்போடும் நிலையத்துக்கும், அதன் பின்னரே இந்தச் சிகிச்சை நிலையத்துக்கும் கொண்டுவருவார்கள். அறுவைச் சிகிச்சைக் கூடமும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் உள்ள முதல் இடம் இதுதான். இங்கிருந்து மருத்துவ ரயிலில் கடற்கரை மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். வழக்கமாக எறிகணைகள் எளிதில் எட்டாத தூரத்தில்தான் இதை அமைப்பார்கள். பிராண்ட்ஹூக்கில் மட்டும் வேண்டுமென்றே முன்னால் கொண்டுவந்தார்கள். காரணம் வயிற்றுக் காயம். குடலில் ஓட்டை விழுந்தவரைச் சில மணி நேரத்துக்குள் மேசையில் கிடத்தாவிட்டால் காப்பாற்றுவது அரிது. இன்றுள்ள நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அன்று இல்லை. வயிறு, மார்பு, தொடையெலும்பு ஆகிய இடங்களில் காயம்பட்டவர்களுக்காகவே இந்த நிலையங்களை முன்னால் நிறுத்தினார்கள். அந்த ஆகஸ்டு முழுவதும் மழை வேறு. சேற்றில் ஊறிய உடைகளை வெட்டி எடுத்து, உடலைக் கழுவி, சூடேற்றி, அறுவைக்குத் தயார்ப்படுத்துவதே செவிலியருக்குப் பெரும்பணி. நெல்லி அங்கே ஏன் இருந்தார் என்பதற்கு இதுவே விடை.

தென்திசை எழுதியது:

இவ்வளவு விளக்கம் எதற்கு என்று தெரியவில்லை. செஞ்சிலுவைக் குறி போட்ட மருத்துவமனையை ஜெர்மானியர்கள் குறிவைத்துத் தாக்கினார்கள். ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். போர்க்குற்றம் என்று நேரடியாகவே மாணவர்களிடம் சொல்லலாமே. அன்றைய நாளிதழ்களும் அப்படித்தானே எழுதியிருக்கும்? மென்று விழுங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தென்திசை அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவருடைய சாவைப் பற்றி எழுதும்போது, சான்று எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறதோ அவ்வளவு தூரம்தான் நாம் போக வேண்டும். பிராண்ட்ஹூக்கின் நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஈப்பர் நகருக்கும் போப்பரிங்கே நகருக்கும் இடைப்பட்ட சிற்றூர் அது. இரு நகரங்களையும் இணைக்கும் சாலையும் ரயில் பாதையும் அவ்வழியே செல்கின்றன. அந்தப் போருக்கான ஆட்களும் வெடிபொருளும் போனது அவ்வழியேதான். காயம்பட்டவர்களை விரைவாகக் கொண்டுவர ரயில் பாதை தேவை என்பதால் மருத்துவ முகாம்களும் அதன் ஓரத்திலேயே போடப்பட்டன. ரயில் பாதையை அடிக்க வந்த எறிகணைகள் முகாமிலும் விழுந்தன என்று கருதுவதற்கு இடமிருக்கிறது. முகாமையே குறிவைத்தார்கள் என்று அன்று அங்கிருந்தவர்களில் சிலர் நம்பியிருக்கலாம். தொலைவிலிருந்து சுட்ட பீரங்கிக்காரரின் எண்ணத்தை ஒரு முகாமின் நாட்குறிப்பைக் கொண்டு நிறுவிவிட முடியாது. இரண்டையும் மாணவர்கள் முன் வையுங்கள். மருத்துவ முகாமை அத்தகைய இடத்தில் அமைக்க முடிவெடுத்தவர்களின் பொறுப்பும் அப்போது பேச்சில் வரும். அது வர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

அன்று நடந்ததற்கு உறுதியான அரசுச் சான்று ஒன்று இருக்கிறது. 44ஆம் எண் நிலையத்தின் பொறுப்புச் செவிலியர் மின்னி வுட் அம்மையாருக்கு வீரச் செயலுக்கான இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது. காலை 11 மணி முதல் இரவு வரை விட்டுவிட்டு எறிகணைகள் விழுந்ததையும், ஒரு செவிலியர் கொல்லப்பட்டதையும், அவ்வளவுக்கும் இடையில் மின்னி வுட் நிலைகுலையாமல் தம் பொறுப்பிலிருந்தவர்களைக் காத்ததையும் அந்தப் பதக்கத்துக்கான குறிப்பு பதிவு செய்கிறது. பெயர் சொல்லப்படாத அந்த ஒரு செவிலியர்தான் நெல்லி. எறிகணைச் சிதறல் பட்டு, சுமார் 20 நிமிடத்தில், மின்னி வுட்டின் கைகளிலேயே அவருடைய உயிர் பிரிந்தது.

பிராண்ட்ஹூக்கில் அப்போது மூன்று நிலையங்கள் இருந்தன: 32, 44, ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண். 32ஆம் எண் நிலையத்தின் பொறுப்பாளர் கேட் லுவார்டு, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரிலேயே பணியாற்றிய மூத்த செவிலியர். அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களில் அன்றைய தாக்குதல் விரிவாக வருகிறது. ஆஸ்திரேலிய நிலையத்தில் இருந்த அலீசியா கெல்லி, அதே ஆகஸ்டில் நடந்த தாக்குதலின்போது, படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளின் தலைகளை எனாமல் முகம்கழுவும் பாத்திரங்களாலும் மலத்தட்டுகளாலும் மூடிவைத்து, அவர்களோடே கூடாரத்தில் இருந்தார். அவருக்கும் இராணுவப் பதக்கம் கிடைத்தது. மூன்று நிலையங்களின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், நெல்லியின் கோப்பில் இல்லாதவையும் அவற்றில் கிடைக்கும்.

இனி, உங்கள் இரண்டாவது கேள்வி. பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையை இரண்டு முறை பெற்ற மருத்துவர் நோயல் சவாஸ் 1917 ஆகஸ்ட் 4 அன்று 32ஆம் எண் நிலையத்தில் இறந்தபோது, பிராண்ட்ஹூக்கிலேயே புதைக்கப்பட்டார். நெல்லி இறந்த நாளின் நிலை வேறு. முகாம்கள் மூடப்பட்டு நோயாளிகள் வெளியேற்றப்பட்டார்கள். செவிலியர்கள் செயின்ட் ஓமேருக்கு அனுப்பப்பட்டார்கள். நெல்லியின் உடல் போப்பரிங்கேக்கு அப்பால், ஓரளவு பாதுகாப்பான ரெமி சைடிங் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கிருந்த பெரிய மருத்துவ முகாம்களின் கல்லறைத் தோட்டம்தான் லைசன்ட்ஹூக். தளபதிகள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் கலந்துகொள்ள, முழு இராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

அந்த இராணுவப் பதக்கத்தைப் பற்றி மாணவர்கள் கேட்கக்கூடும். செவிலியர்கள் அதிகாரிகளுக்கு நிகராக நடத்தப்பட்டாலும் அவர்களுக்கு அதிகாரி ஆணை தரப்படவில்லை. அதனால் வீரச் செயலுக்கு அதிகாரிகள் பெறும் இராணுவச் சிலுவை அவர்களுக்குக் கிடைக்காது; அதிகாரி அல்லாத மற்ற நிலையினருக்கான பதக்கமே கிடைத்தது. அதுவும் 1916 ஜூனில்தான் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. என் பணிக்காலத்திலும் இதுபோன்ற பாகுபாடுகளைக் கண்டவள் என்பதால், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

மட்டுநகர் வாசகர் எழுதியது:

இழையைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நெல்லிக்கு ஒரு கல்லறையாவது இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த தாதியர் பலருக்கு அதுவும் இல்லை. 1944 பெப்ரவரி 12 அன்று, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மாயில்’ என்ற கப்பலை மாலைதீவுக்கு அருகில் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 தாக்கியது. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர். இராணுவத் தாதியர், கடற்படை மகளிர் பிரிவினர் உட்பட 77 பெண்களும் மாண்டார்கள். உயிர்தப்பிய பெண்கள் ஆறே பேர். நீர்மூழ்கி, தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு அடியில் பதுங்கியிருந்ததால், பாதுகாப்புக்கு வந்த போர்க்கப்பல் அவர்களுக்கு நடுவிலேயே ஆழ்கடல் வெடிகளைப் போட நேர்ந்தது. அதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்து ஊர்ப் பட்டியல் எதிலாவது ஒரு இராணுவத் தாதியின் பெயருக்கு எதிரே 1944 பெப்ரவரி 12 என்ற திகதி இருந்தால், இந்தக் கப்பலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடலில் மாண்ட அந்த இராணுவத் தாதியரின் பெயர்கள் சர்ரே மாவட்டத்தின் புரூக்வுட் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கொழும்பு வைத்தியசாலைகளில் அவர்களைத் தேடிப் பயனில்லை. அவர்கள் வந்து சேரவே இல்லை.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மட்டுநகர் வாசகர் குறிப்பிட்ட திகதியை எங்கள் பகுதிப் பட்டியல்களிலும் கட்டாயம் தேடிப் பார்ப்பேன்.

நெல்லியைப் பொறுத்தவரை, மாணவர்களுக்கான குறிப்பை மருத்துவமனையிலிருந்து தொடங்க முடிவு செய்திருக்கிறேன். முதலில் தாக்ரே அருங்காட்சியகம், பிறகு யார்க் பலகை. கல்லறையில் ஒரே பெண் என்ற செய்தியைச் சொல்லாமல் விடமாட்டேன்; ஆனால் அது கடைசியில்தான் வரும். எறிகணை வீச்சைப் பற்றிப் பேசும்போது பிராண்ட்ஹூக் நிலப்படத்தைக் கொடுத்து, ரயில் பாதை எங்கே, முகாம் எங்கே என்று மாணவர்களையே குறிக்கச் சொல்கிறேன். தென்திசை அவர்கள் எழுப்பிய கேள்வியும் அந்தத் தாளில் கேள்வியாகவே இடம்பெறும்.

அவருடைய குடும்பத்துக்கு நினைவுத் தகடு அனுப்பப்பட்டிருக்குமா என்பது மட்டும் விடுபட்டிருக்கிறது. அதைக் கண்டறிய வழி உண்டா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

பணியில் இறந்தவர்களின் நெருங்கிய உறவினருக்கு அந்த வெண்கலத் தகடு கொடுக்கப்பட்டது. மொத்தம் 13,00,000க்கும் மேல் வார்க்கப்பட்டவற்றில் பெண்களுக்கானவை ஏறத்தாழ 600 மட்டுமே. நெல்லியின் பெற்றோரும் அதைப் பெறும் தகுதி உடையவர்களே. தகட்டில் பதவி நிலை எதுவும் பொறிக்கப்படுவதில்லை. பெயர் மட்டுமே இருக்கும். ஆகவே தகடு எங்காவது கிடைத்தாலும், அது இன்னாருடையது என்று உறுதிசெய்ய வேறு ஆவணம் வேண்டும். ஒருவருக்கு உரிய பதக்கங்களைக் குறித்துவைத்த பதக்க அட்டை அதற்கு உதவும். 1917இல்தான் அவர் கடல் கடந்து சென்றார் என்பதால் 1914-15 நட்சத்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்திருக்காது. பிரித்தானியப் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும்தான் உரியவை. அட்டையில் வேறு ஏதேனும் தெரிந்தால், அதே பெயருள்ள இன்னொருவரின் அட்டையாக இருக்கலாம் என்று சரிபாருங்கள்.

பணிக் கோப்பைத் தரவிறக்கியதும், அபவிலிலிருந்து 44ஆம் எண் நிலையத்துக்கு மாற்றிய ஆணையின் தேதியை முதலில் பாருங்கள். அதை இங்கே இடுங்கள். மாட் மெக்கார்த்தி நாட்குறிப்பின் 1917 ஜூலை, ஆகஸ்ட் பக்கங்களோடு ஒப்பிட்டு நான் எழுதுகிறேன்.